தாதாபாய் நீட்டிய கணக்கு

பொருளியல் பேராசிரியராக 34 ஆண்டுகள் பணியாற்றினேன். அவற்றில் பெரும்பாலான ஆண்டுகள் இளங்கலை மாணவர்களுக்கு இந்தியப் பொருளாதார வரலாறு கற்பித்தேன். அந்தப் பாடத்தில் தாதாபாய் நௌரோஜியின் செல்வச் சுரண்டல் கோட்பாடு என்று ஒரு பகுதி உண்டு. தேர்வில் அது ஐந்து மதிப்பெண் வினாவாக வரும். இந்தியாவின் செல்வம் ஈடின்றி இங்கிலாந்துக்குச் சென்றது, அதனால் மூலதனம் சேரவில்லை, அதனால் வறுமை பெருகியது என்று மூன்று குறிப்புகளை எழுதிவிட்டால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். நானும் அப்படித்தான் நடத்தினேன்.

ஓர் ஆண்டு, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். எவ்வளவு பணம் போகிறது என்று அவர் கணக்குப் போட்டுவிட்டாரே, அந்தக் கணக்கை யாரிடம் கொடுத்தார், அவர்கள் திருப்பிக் கொடுத்தார்களா என்று கேட்டார். எடுத்தவனிடமே கொடுத்தார், அவன் அதையும் வாங்கி வைத்துக்கொண்டான் என்று நான் வேடிக்கையாகப் பதில் சொன்னேன். வகுப்பு சிரித்தது. அந்த மாணவி சிரிக்கவில்லை. அவர் கேட்டது ஐந்து மதிப்பெண் வினாவுக்கு அப்பாற்பட்ட கேள்வி என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

பணி நிறைவு பெற்ற பின்னர், 1901-இல் தாதாபாய் வெளியிட்ட, இந்தியாவின் வறுமையையும் பிரித்தானியப் பண்புக்கு ஒவ்வாத ஆட்சியையும் பற்றிய அந்தத் தடித்த நூலை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பாடநூலில் நான் கண்ட தாதாபாய் வேறு. இந்த நூலில் கண்டவர் வேறு. உலக நீதி குறித்து இன்றைய மெய்யியலாளர்கள் நடத்தும் விவாதத்தின் மையக் கேள்வியை, அந்தப் பெயர் சூட்டப்படுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே அவர் கையில் எடுத்திருந்தார்.

நீதி என்பது ஒரு நாட்டின் எல்லையோடு நின்றுவிடுமா என்பதே அந்தக் கேள்வி. தொலைதூரத்தில் பசியால் வாடுவோருக்கு உதவுவது நம் விருப்பத்துக்கு உட்பட்ட அறச்செயலன்று, தவிர்க்க இயலாத கடமை என்று 1972-இல் பீட்டர் சிங்கர் வாதிட்டார். நலிந்த சமூகங்களைத் தாங்கி நிற்கும் கடமை வளமான சமூகங்களுக்கு உண்டு, ஆனால் ஒரு நாட்டுக்குள் பொருந்தும் பங்கீட்டு நீதி உலகம் முழுமைக்கும் பொருந்தாது என்பது 1999-இல் வெளியான தம் நூலில் ஜான் ரால்ஸ் எடுத்த நிலைப்பாடு. உதவுகிறோமா என்பதற்கு முன், அந்த வறுமையை உண்டாக்கும் ஏற்பாடுகளில் நமக்குப் பங்கிருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்றார் தாமஸ் போகே. மூன்றாவது கேள்வியைத்தான் தாதாபாய் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். நூலகத்தில் அமர்ந்து மட்டும் கேட்கவில்லை. எடுத்தவர்களின் நாடாளுமன்றத்துக்குள்ளேயே சென்று கேட்டார்.

இலவசக் கல்வியின் கடன்

தாதாபாய் 1825 செப்டம்பர் 4 அன்று ஓர் ஏழைப் பார்சிப் புரோகிதக் குடும்பத்தில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். எழுத்தறியாத தாய் மாணெக்பாய் அவரை வளர்த்தார். அக்கால வழக்கப்படி 11 வயதிலேயே, 7 வயதுச் சிறுமியான குல்பாயுடன் அவருக்குத் திருமணம் நடந்தது. பம்பாயில் அன்று கல்வி இலவசமாகக் கிடைத்ததால் மட்டுமே தம்மால் படிக்க முடிந்தது என்பதை அவர் ஒருபோதும் மறக்கவில்லை. ஏழைகளின் வரிப்பணத்தில் பெற்ற கல்வியை அவர்களுக்கே திருப்பித்தர வேண்டும் என்று இளமையிலேயே முடிவு செய்துகொண்டார். கடன், ஈடு, கணக்கு ஆகிய சொற்கள் அவருடைய பொருளியலுக்குள் வருவதற்கு முன்பே அவருடைய வாழ்க்கைக்குள் வந்துவிட்டன.

எல்பின்ஸ்டன் கல்வி நிறுவனத்தில் அவர் சிறந்த மாணவராக விளங்கினார். அவரைச் சட்டம் படிக்க இங்கிலாந்து அனுப்பலாம், செலவில் பாதியைத் தாமே ஏற்கிறேன் என்று நீதிபதி எர்ஸ்கின் பெர்ரி முன்வந்தார். மதம் மாறிவிடுவாரோ என்று அஞ்சிய பார்சிப் பெரியவர்கள் மறுபாதியைத் தர முன்வரவில்லை. தாதாபாய் பம்பாயிலேயே தங்கி, படித்த நிறுவனத்திலேயே கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பேராசிரியரானார். அங்கு அத்தகைய பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே.

அந்த ஆண்டுகளில் அவர் செய்த இன்னொரு பணி எனக்கு மிகவும் பிடித்தது. 1849-இல் நண்பர்களோடு சேர்ந்து பெண் குழந்தைகளுக்கான பள்ளிகளைத் தொடங்கினார். வீடு வீடாகச் சென்று, உங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்தேனும் பெண்ணுக்கு எழுத்துக் கற்றுத்தர அனுமதியுங்கள் என்று மன்றாடினார். சில வீடுகளில் வரவேற்பு. சில வீடுகளில் படியில் உருட்டிவிடுவோம் என்ற மிரட்டல். 1851-இல் தம் சமயத்தைச் சீர்திருத்த ஒரு சபையையும், ராஸ்த் கோஃப்தார் என்ற குஜராத்தி இதழையும் தொடங்கினார். பிறரிடம் நீதி கேட்பதற்கு முன் தம் வீட்டையும் தம் சமூகத்தையும் கேள்விக்கு உட்படுத்தியவர் அவர். அதனாலேயே பிற்காலத்தில் அவர் கேட்ட நீதிக்குக் கனம் கூடியது.

சராசரியின் மோசடி

1855-இல் காமா குடும்பத்தின் வணிக நிறுவனப் பங்குதாரராக இலண்டனுக்குச் சென்றார். அபினி, மது வணிகத்தில் வரும் இலாபம் அவர் மனத்துக்கு ஒவ்வவில்லை, விலகினார். பின்னர்த் தம் சொந்தப் பருத்தி வணிக நிறுவனத்தை நடத்தினார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1856 முதல் 1866 வரை குஜராத்திப் பேராசிரியராகவும் இருந்தார்.

1866-ஆம் ஆண்டு இரண்டு நிகழ்வுகளால் முக்கியமானது. ஆசிய இனங்கள் ஐரோப்பிய இனங்களைவிட இயல்பிலேயே தாழ்ந்தவை என்று ஜான் கிராஃபர்டு என்ற அறிஞர் இலண்டன் இனவியல் கழகத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். அதே கழகத்தில், அவருடைய சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து தாதாபாய் மறுத்தார். அதே ஆண்டில் கிழக்கிந்தியச் சங்கத்தையும் நிறுவினார். அவருடைய மனத்தில் இவ்விரண்டும் ஒரே பணியின் இரு பகுதிகள். ஒரு மக்களைத் தாழ்ந்தவர்கள் என்று முதலில் நிறுவிவிட்டால், அவர்களிடமிருந்து எடுப்பதற்குக் கணக்குக் காட்ட வேண்டிய தேவை எழாது. ஆகவே முதலில் சமத்துவத்தை நிலைநாட்ட வேண்டும். பிறகு கணக்கைக் கேட்க வேண்டும்.

அந்தக் கணக்கை அவர் போட்ட முறை, ஆசிரியன் என்ற முறையில் என்னை வியக்க வைக்கிறது. இந்தியாவில் ஒரு மனிதருக்கு ஆண்டு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியை அதுவரை எவரும் முறையாக எழுப்பியதில்லை. அரசின் மாகாண அறிக்கைகளையே அவர் ஆதாரமாகக் கொண்டார். ஆனால் அவற்றில் ஒரு பிழையைக் கண்டார். ஒரு வட்டத்தில் 100 ஏக்கர், ஏக்கருக்கு 10 மூட்டை விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வட்டத்தில் 10,000 ஏக்கர், ஏக்கருக்கு 2 மூட்டைதான். பத்தையும் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி 6 மூட்டை. உண்மையான சராசரியோ 2 மூட்டைக்குச் சற்றே அதிகம். அரசின் அறிக்கைகள் முதல் வகைச் சராசரியைத் தந்துகொண்டிருந்தன. தாளில் நாடு செழித்துக்கொண்டிருந்தது. தாதாபாய் பரப்பளவைக் கொண்டு எடையிட்டு, பயிர் பயிராக, மாகாணம் மாகாணமாக மீண்டும் கணக்கிட்டார். பிரித்தானிய இந்தியாவின் 17 கோடி மக்களுக்கு மொத்த உற்பத்தி 34 கோடி பவுண்டு என்றும், தலைக்கு ஆண்டுக்கு 40 ஷில்லிங், அதாவது அன்றைய மதிப்பில் 20 ரூபாய் என்றும் விடை வந்தது.

20 ரூபாய் என்றால் என்ன? அதைப் புரியவைக்க அவர் அரசின் சிறைச்சாலைக் கணக்கை எடுத்தார். ஒரு கைதிக்கு உணவுக்கும் உடைக்கும் அரசு ஆண்டுதோறும் செலவிடும் தொகை, குற்றம் ஏதும் செய்யாத ஒரு குடிமகனின் சராசரி வருமானத்தைவிட அதிகமாக இருந்தது. கடல் கடந்து செல்லும் கூலித் தொழிலாளருக்குக் கப்பலில் தர வேண்டிய உணவுப் பட்டியலையும் எடுத்து ஒப்பிட்டார். அரசே மனிதருக்கு இன்றியமையாதது என்று வரையறுத்த அளவு, அரசின் ஆட்சியில் வாழும் சராசரி மனிதருக்குக் கிடைக்கவில்லை. வறுமைக்கோடு என்று நாம் இன்று சொல்வதன் முதல் வடிவம் இதுவே.

இந்த ஆய்வை அவர் பம்பாயில் வாசித்த ஆண்டு 1876. நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று நினைவுகூரும் பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைப் பற்றிய ஆண்டும் அதுவே. அந்தப் பஞ்சத்தில் பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். தானியம் துறைமுகங்கள் வழியே ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தது.

அவருடைய மதிப்பீட்டை ஆட்சியாளர்கள் மறுத்தனர். 1882-இல் பேரிங், பார்பர் ஆகிய நிதி அதிகாரிகள் தலைக்கு 27 ரூபாய் என்று கணக்கிட்டனர். 1901-இல் கர்சன் பிரபு 30 ரூபாய் என்றார். 20-ஐ மறுக்க 27-ஐயும் 30-ஐயும் முன்வைத்தபோதே, வறுமை உண்டா இல்லையா என்ற விவாதம் முடிந்துவிட்டது. எத்தனை ரூபாய் வறுமை என்பது மட்டுமே எஞ்சியது.

போனது பணம் மட்டுமன்று

இந்த வறுமைக்குக் காரணம் என்ன என்பது அடுத்த கேள்வி. மக்கள்தொகை, மண்வளம், மழை, மக்களின் சோம்பல் என்று ஆட்சியாளர்கள் பட்டியலிட்டனர். தாதாபாய் வணிகக் கணக்கைப் பார்த்தார். இந்தியா ஆண்டுதோறும் இறக்குமதியைவிட மிக அதிகமாக ஏற்றுமதி செய்தது. சாதாரண நாட்டில் அந்த மிகை திரும்பி வரும். இந்தியாவுக்குத் திரும்பவில்லை. இலண்டனில் இந்திய அமைச்சகத்தின் செலவு, ஓய்வுபெற்ற அதிகாரிகளின் ஓய்வூதியம், இராணுவச் செலவு, கடனுக்கும் இரயில்வே முதலீட்டுக்கும் வட்டி, இங்குள்ள ஆங்கில அதிகாரிகள் ஊருக்கு அனுப்பும் சேமிப்பு ஆகியவற்றுக்கு அது ஈடுசெய்யப்பட்டது.

இதில் ஒரு பகுதி உண்மையான சேவைக்கும் முதலீட்டுக்கும் தரப்பட்ட விலைதானே என்று பிற்காலப் பொருளியலாளர் பலர் வாதிட்டிருக்கின்றனர். அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வெளியேறிய தொகையின் அளவைப் பற்றிய சர்ச்சை இன்றும் ஓயவில்லை. ஆனால் தாதாபாயின் வாதம் தொகையை மட்டும் சார்ந்ததன்று. அந்தச் சேவை வேண்டுமா, அந்த விலை தகுமா என்று தீர்மானிக்கும் இடத்தில் விலை கொடுப்பவர் இருந்தாரா என்றே அவர் கேட்டார். பணத்தோடு அனுபவமும் வெளியேறுகிறது என்றும் சுட்டிக்காட்டினார். முப்பது ஆண்டுகள் ஆண்டு பழகிய அதிகாரி, தம் அறிவையும் பட்டறிவையும் எடுத்துக்கொண்டு கப்பலேறுகிறார். ஒரு நாட்டின் ஆட்சித் திறன் அந்த நாட்டில் தங்குவதில்லை. இதை அவர் ஒழுக்க வெளியேற்றம் என்ற பொருளில் விளக்கினார். பாடநூலில் இந்தப் பகுதியை நாங்கள் விட்டுவிட்டோம். உலக நீதியும் மக்களாட்சியும் ஒன்றையொன்று தொடும் இடம் இதுதான்.

ஐந்து வாக்குகள்

தீர்மானிக்கும் இடத்தில் நாமும் இருக்க வேண்டும் என்றால் அந்த இடத்துக்குப் போக வேண்டும். 1874-இல் பரோடா சமஸ்தானத்தின் திவானாகப் பொறுப்பேற்று, ஓராண்டிலேயே விலக நேர்ந்த அனுபவம் அவருக்கு இருந்தது. 1886-இல் இலண்டன் ஹோல்போர்ன் தொகுதியில் தாராளவாதக் கட்சி வேட்பாளராக நின்று தோற்றார். அதே ஆண்டின் இறுதியில் கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். மீண்டும் இலண்டன் திரும்பி, மத்திய பின்ஸ்பரி தொகுதியில் களம் கண்டார்.

1888-இல் பிரதமர் சாலிஸ்பரி பிரபு எடின்பரோவில் பேசும்போது, ஆங்கில வாக்காளர்கள் ஒரு கறுப்பு மனிதரைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு இன்னும் வரவில்லை என்ற பொருளில் தாதாபாயைச் சுட்டினார். அவர் இழிவு செய்ய நினைத்தார். நாடெங்கும் தாதாபாயின் பெயர் பரவியதே விளைவு. ஆங்கிலேயரே பலர் வெட்கினர். அவருக்கு விருந்துகள் நடந்தன. கைத்தொழிலாளர் நிறைந்த அந்தத் தொகுதியில் அவர் தெருத்தெருவாக நடந்தார். எட்டு மணி நேர வேலை, அயர்லாந்தின் தன்னாட்சி, பெண்களுக்கு வாக்குரிமை ஆகியவற்றை ஆதரித்தார். பெண்களுக்கு அன்று வாக்கு இல்லை. எனினும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் உள்ளிட்ட பெண்கள் அவருக்கு ஆதரவு தந்தனர்.

1892-இல் 5 வாக்குகள் வித்தியாசத்தில் அவர் வென்றார். பிரித்தானிய நாடாளுமன்றத் தேர்தலில் வென்ற முதல் இந்தியர் ஆனார். நௌரோஜி என்ற பெயரை உச்சரிக்கத் திணறியவர்கள், நாரோ மெஜாரிட்டி என்று அவரைக் கேலியாக அழைத்தனர். கிறித்தவ விவிலியத்துக்குப் பதிலாகப் பார்சிகளின் அவெஸ்தாவைக் கையில் ஏந்தி உறுதிமொழி எடுத்தார். யூதரான ரோத்ஸ்சைல்டும் இறைமறுப்பாளரான பிராட்லாவும் தத்தம் காலத்தில் ஆண்டுக்கணக்கில் போராடித் திறந்த கதவு அது. ஒருவர் தம் நம்பிக்கையைக் கழற்றி வைக்காமலே பொது அவைக்குள் நுழையலாம் என்பதுதான் பன்மைத்துவத்தின் எளிய பொருள்.

பின்ஸ்பரியின் தொழிலாளருக்கும் இந்தியாவின் கோடானுகோடி மக்களுக்கும் ஒரே மனிதர் பிரதிநிதியாக இருப்பது எவ்வாறு என்று எதிரிகள் கேட்டனர். நியாயமான கேள்வியே. இருவரின் நலனும் மோதவில்லை என்பது அவர் கொண்ட நம்பிக்கை. வளமான இந்தியா இங்கிலாந்தின் பொருளை வாங்கும். வறிய இந்தியா எதையும் வாங்காது என்று தம் வாக்காளருக்குக் கணக்கால் விளக்கினார்.

1893-இல் அந்த அவையில் ஒரு வெற்றி கிட்டியது. இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்ற தீர்மானம் 84-க்கு 76 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அரசு மாகாணங்களின் கருத்தைக் கேட்டது. சென்னை மாகாண அரசு மட்டுமே ஆதரித்தது. மற்ற மாகாணங்கள் எதிர்த்தன. தீர்மானம் கிடப்பில் போடப்பட்டது. இந்திய மண்ணில் அந்தத் தேர்வு நடக்க 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மக்களவையில் வென்ற வாக்கும் ஆளப்படுவோருக்கு வாக்கில்லாத இடத்தில் செல்லாது என்பதை அவர் கண்கூடாகக் கண்டார். அதே ஆண்டில்தான் தாய்நாட்டில் இருந்த அவருடைய ஒரே மகன் ஆர்தேஷிர் மறைந்தார். தந்தை இலண்டனில் இருந்தார்.

1895 தேர்தலில் தாதாபாய் தோற்றார். அதே தேர்தலில் இன்னொரு பார்சியான மஞ்சேர்ஜி பௌனகிரி, பழமைவாதக் கட்சி சார்பில் வேறொரு இலண்டன் தொகுதியில் வென்றார். அவர் பேரரசின் ஆதரவாளர், காங்கிரஸை எதிர்த்தவர். ஒரே சமயம், ஒரே நகரம், ஒரே அவை, எதிரெதிர் கருத்துகள். ஒருவரின் நிறத்தையோ குலத்தையோ வைத்து அவர் யாருக்காகப் பேசுவார் என்று முடிவு செய்யக்கூடாது என்பதை இவ்விருவரும் நமக்குக் கற்பிக்கின்றனர்.

மனச்சாட்சியின் எல்லை

அதே 1895-இல் இந்தியச் செலவினங்களை ஆராய வெல்பி ஆணையம் அமைக்கப்பட்டது. அதில் உறுப்பினராக இடம்பெற்ற தாதாபாய், உறுப்பினராக இருந்துகொண்டே சாட்சியமும் அளித்தார். 1897-இல் அந்த ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்த இந்தியர்களுள் கோகலேயோடு நம் சுதேசமித்திரன் நிறுவனர் ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஒருவர். இந்தியாவின் தலையில் சுமத்தப்பட்ட சில செலவுகளைப் பிரித்தானியக் கருவூலம் ஏற்க வேண்டும் என்று 1900-இல் ஆணையம் பரிந்துரைத்தது. தாதாபாய் கேட்டதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது. அவரும் வெட்டர்பர்ன், கெய்ன் ஆகியோரும் தனி அறிக்கை அளித்தனர்.

இளம் வயதில் நானும் அவரை மனுப்போடும் தலைவர் என்று குறைவாக எடைபோட்டதுண்டு. ஆங்கிலேயரின் நேர்மையின் மீது அவர் வைத்த நம்பிக்கை எனக்கு வெகுளித்தனமாகத் தோன்றியது. தீய ஆட்சியைப் பிரித்தானியப் பண்புக்கு ஒவ்வாதது என்று அவர் பெயரிட்டதில், நல்ல பிரித்தானிய ஆட்சி ஒன்று இருக்க முடியும் என்ற எண்ணமும் ஒளிந்திருந்தது. பேரரசு என்ற அமைப்பையே அவர் நெடுங்காலம் கேள்வி கேட்கவில்லை. இது அவருடைய குறை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெயரிலேயே ஒரு கூர்மையும் உண்டு. உங்கள் கொள்கையைக் கொண்டே உங்களை அளக்கிறேன் என்று சொல்பவரை, ஆளுவோர் அந்நியர் என்று ஒதுக்க முடியாது.

வயது ஏற ஏற மனிதர்கள் மிதமாவார்கள் என்பர். தாதாபாய் வயது ஏற ஏறக் கடுமையானார். 1904-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சோசலிச அனைத்துலக மாநாட்டில், கிட்டத்தட்ட எண்பது வயதில், காலனி ஆட்சியைக் கண்டித்துப் பேச எழுந்தார். பல நாட்டுப் பிரதிநிதிகளும் அமைதியாக எழுந்து நின்று அவருக்கு மரியாதை செய்தனர். இந்தியாவின் கணக்கு உலகத் தொழிலாளரின் கணக்கோடு சேர்ந்த தருணம் அது.

1906-இல் மிதவாதிகளும் தீவிரவாதிகளும் பிளவுபடும் நிலையில் இருந்த காங்கிரஸுக்கு, இரு தரப்பும் மறுக்க முடியாத ஒரு தலைவர் தேவைப்பட்டார். 81 வயது தாதாபாய் கல்கத்தாவுக்கு வந்தார். அவருடைய குரல் தளர்ந்திருந்ததால் தலைமையுரையைக் கோகலே வாசித்தார். அந்த உரையில் காங்கிரஸின் தலைமைப் பீடத்திலிருந்து சுயராஜ்யம் என்ற சொல் ஒலித்தது. அந்த மாநாட்டுக்குச் சென்று வந்தவர்களுள் நம் பாரதியும் ஒருவர். தாதாபாயைப் பற்றி அவர் பாடியும் இருக்கிறார். இனிச் செலவைக் குறையுங்கள் என்ற கோரிக்கை போதாது. கணக்கு எழுதும் கையே நம்முடையதாக வேண்டும் என்ற முடிவுக்கு ஐம்பது ஆண்டு உழைப்பு அவரைக் கொண்டுவந்திருந்தது. அடுத்த ஆண்டு இந்தியா திரும்பி, பம்பாய்க்கு அருகே வெர்சோவாவில் வாழ்ந்தார். 1917 ஜூன் 30 அன்று 91 வயதில் மறைந்தார். பொறுப்பாட்சியை நோக்கி இந்தியாவைப் படிப்படியாக நகர்த்துவதாகப் பிரித்தானிய அரசு அறிவித்தது அதற்கு இரண்டு மாதங்களுக்குள்.

அந்த மாணவிக்குச் சொல்ல வேண்டிய பதில்

கணக்கை யாரிடம் கொடுத்தார், அவர்கள் திருப்பிக் கொடுத்தார்களா என்ற கேள்விக்கு இப்போது சற்று நேர்மையாகப் பதில் சொல்லலாம். எடுத்தவர்களிடம் கொடுத்தார், அவர்களுடைய வாக்காளர்களிடம் கொடுத்தார், இழந்தவர்களிடமும் கொடுத்தார். முதலாமவர்கள் ஏறத்தாழ எதையும் திருப்பித் தரவில்லை. இரண்டாமவர்கள் ஐந்து வாக்குகள் அதிகமாகத் தந்தனர். மூன்றாமவர்கள் அந்தக் கணக்கைப் படித்து, தம் வறுமை விதியால் வந்ததன்று என்று உணர்ந்தனர். நம் விடுதலைப் போராட்டத்தின் பொருளியல் அடித்தளம் அந்த மூன்றாவது வாசகர்களிடத்தில் உருவானது.

இன்றும் உலகம் இதே கணக்கின் முன் நிற்கிறது. 2022-இல் எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டில், இழப்புகளுக்கும் சேதங்களுக்கும் ஒரு நிதியம் அமைக்க நாடுகள் இணங்கின. ஆயினும் அதில் சேரும் பணத்தை ஈட்டுத்தொகை என்று ஏற்க வளர்ந்த நாடுகள் மறுக்கின்றன. உதவி என்றே பெயரிட விரும்புகின்றன. உதவி என்றால் கொடுப்பவர் பெருமை கொள்ளலாம், அளவைத் தாமே முடிவு செய்யலாம், வேண்டாதபோது நிறுத்தலாம். ஈடு என்றால் கணக்குக் காட்ட வேண்டும். இந்த இரண்டு சொற்களுக்கு இடையிலான தூரத்தைத்தான் தாதாபாய் வாழ்நாள் முழுவதும் நடந்து கடந்தார். பன்னாட்டு நிதி நிறுவனங்களில் பொருளாதார வலிமைக்கேற்ப வாக்குப் பகிரப்படும் வரை, விலை கொடுப்பவர் தீர்மானிக்கும் இடத்தில் இருக்கிறாரா என்ற அவருடைய கேள்விக்கும் வயதாகாது.

ஆனால் கணக்கு வெளியிலிருந்து மட்டும் வரப்போவதில்லை. நம் நாட்டிலேயே நிலக்கரி எடுக்கப்படும் மாவட்டங்களில் வாழ்வோர் இருட்டில் இருப்பதும், நம் நகரங்களைக் கட்டும் புலம்பெயர் தொழிலாளர் அந்த நகரத்தின் வாக்காளராக இல்லாமல் இருப்பதும் நாம் அறிந்தவையே. அவர்களுள் ஒருவர் எழுந்து, சராசரிகளுக்குள் தம் வாழ்க்கை ஒளிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னால், நாம் பின்ஸ்பரி வாக்காளரைப் போலக் கேட்போமா, சாலிஸ்பரியைப் போலப் பேசுவோமா?

அன்று வகுப்பில் நான் சிரித்திருக்கக் கூடாது. எடுத்தவர் திருப்பித் தராவிட்டாலும் கணக்கைச் சரியாக எழுதி, உரியவர் முன்னிலையில் உரக்கப் படிப்பது வீண்வேலையாகாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த மாணவி இப்போது எங்கோ ஓரிடத்தில் ஆசிரியராக இருக்கக்கூடும். அவருடைய மாணவர்களுக்கு ஐந்து மதிப்பெண்ணுக்கு மேலாகவே அவர் தாதாபாயைக் கற்பிப்பார் என்று நம்புகிறேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (பணி நிறைவு)